யோமிட்டான் செய்தித் தளத்தில் வேலை செய்கிறது, பிடிஎஃப்பில் செய்யவில்லை. உதவி தேவை

துவாஸ்_தம்பி:
வணக்கம். சிங்கப்பூரில் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை, கையேடுகளும் ஜப்பானிய மொழியில்தான். ஒரு வருடமாகப் படிக்கிறேன், டிசம்பரில் என்4 என்ற ஜப்பானிய மொழித் தேர்வை எழுதப் போகிறேன். குரோமில் யோமிட்டான் என்ற ஜப்பானிய அகராதி நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டிருக்கிறேன். செய்தித் தளங்களில் ஷிஃப்டை அழுத்தியபடி சொல்மேல் மவுஸை வைத்தால் பொருள் வருகிறது. கையேட்டு பிடிஎஃப்பைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், அகராதியையும் மறுபடி ஏற்றினேன். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மூன்று இரவு இதிலேயே போய்விட்டது.

பூன்லே_வாசி:
யோமிட்டானுக்கு முன்பிருந்த பழைய யோமிச்சான் இல்லையே? அதன் மேம்பாட்டுப் பணி 2023இல் நின்றுவிட்டது. நீட்சியைப் போட்ட பிறகு, முன்பே திறந்திருந்த பக்கத்தைப் புதுப்பித்தீர்களா?

துவாஸ்_தம்பி:
யோமிட்டான்தான் அண்ணா. புதுப்பித்தும் பார்த்தாச்சு.

செங்காங்_அக்கா:
தம்பி, நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. குரோம் பிடிஎஃப்பைத் தன் சொந்தக் காட்டியில் திறக்கிறது. அதற்குள் இருக்கும் எழுத்து யோமிட்டானுக்கு எட்டாது. அகராதியை எத்தனை முறை ஏற்றினாலும் இது மாறாது.

முதலில் ஒரு வரியை மவுஸால் இழுத்துப் பாருங்கள். நீலமானால் அது எழுத்து. காப்பி செய்து யோமிட்டானின் தேடல் பக்கத்தில் ஒட்டுங்கள், அங்கே வழக்கம்போல் சொல் சொல்லாகப் பார்க்கலாம். கிளிப்போர்டைக் கவனிக்கும் வசதியை அதே பக்கத்தில் இயக்கிவிட்டால் ஒட்டும் வேலைகூட இல்லை, காப்பி செய்ததுமே வரி வந்து நிற்கும். நீலமாகவில்லையா, அது ஸ்கேன் செய்த படம். கூகுள் லென்ஸ் போன்ற ஒன்றால் எழுத்தை எடுக்க வேண்டும். ஆனால் நிறுவனக் கையேடு என்பதால் மேலாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் ஒன்று. வினைச்சொல் வந்தால் பொருளை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். 'தபேதகுனகத்தா' என்ற சொல்லுக்கு, 'தபேரு' (சாப்பிடு) என்ற அகராதி வடிவத்தையும் அதோடு சேர்ந்த விருப்பம், எதிர்மறை, இறந்தகாலம் மூன்றையும் வரிசையாகப் பிரித்துக் காட்டும். 'சாப்பிட விரும்பவில்லை' என்று வேருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது நமக்குப் பழகியதுதானே. எனக்கு இலக்கணம் பிடிபட்டதே அந்தச் சின்ன வரியைப் படித்துப் படித்துத்தான்.

பூன்லே_வாசி:
எம்ஆர்டி ரயிலில் போனில் படிக்க வேண்டுமானால், ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் போடலாம்.

துவாஸ்_தம்பி:
அக்கா, வரி நீலமானது! ஒட்டினேன், வேலை செய்கிறது. ஆனால் சில சொற்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. 'கின்க்யூ' வரை பொருள் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை.

செங்காங்_அக்கா:
அந்தச் சொல் பிடிஎஃப்பில் வரியின் கடைசியில் உடைந்திருக்கிறதா? காப்பி செய்யும்போது அந்த உடைப்பும் கூடவே வரும். ஒட்டிய இடத்தில் இரண்டு வரியையும் சேர்த்துவிட்டுத் தேடுங்கள்.

துவாஸ்_தம்பி:
ஆமாம் அக்கா, அடுத்த வரியில் 'தெய்ஷி' இருந்தது. சேர்த்தேன். கின்க்யூ தெய்ஷி, அவசர நிறுத்தம். எங்கள் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானுக்கு மேல் இதே நான்கு கான்ஜி எழுத்துகள்தான் இருக்கின்றன, தினமும் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் வாசித்தேன். ரொம்ப நன்றி.