புனைபெயர் மெயில்: அனுப்புறவன் ஒளிஞ்சுக்கலாம், வாங்குறவன்?

மழைக்குருவி:
என் புனைபெயர் அட்ரஸுக்கு வர்ற மெயில் மூணு ரீமெயிலர் (யார் அனுப்பினதுன்னு மறைச்சு மெயிலை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுற சர்வர்) சுத்தி, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு குறியாக்க உறை பிரிஞ்சு, கடைசியில என் நிஜ இன்பாக்ஸ்ல விழுது. நடுவுல எவனுக்கும் முழு வழி தெரியாது. பின்லாந்துல முன்னாடி இருந்த பெனெட்ங்கற புனைபெயர் மெயில் சர்வர்ல எந்த புனைபெயர் யாரோடதுன்னு எல்லாம் ஒரே டேபிள்ல இருந்துச்சு, கேஸு கோர்ட்டுனு வந்து 1996ல மூடிட்டாங்க. இங்க அந்த டேபிளே இல்ல. இது போதும்ங்கறேன்.

கட்டெறும்பு:
போதாது. வேவு பாக்குறவனுக்கு டேபிள் எதுக்கு? திங்கக்கிழமை உங்க புனைபெயருக்கு ஒரு மெயில் போடுறேன், அடுத்த ரெண்டு மணி நேரத்துல கடைசி ரீமெயிலர்லேர்ந்து மெயில் வாங்குன 200 பேரை குறிச்சுக்குறேன். புதன்கிழமை இன்னொண்ணு. ரெண்டு லிஸ்ட்லயும் இருக்குறவங்க 15 பேருன்னு வைங்க. வெள்ளிக்கிழமை மூணாவது போட்டா யாரு மிஞ்சுவா?

மழைக்குருவி:
அதுக்குத்தானே மிக்ஸ்மினியன்ங்கற ரீமெயிலர்ல ஒரு தடவை மட்டும் செல்லுற ரிப்ளை பிளாக் (என் இன்பாக்ஸுக்கு வர்ற வழியைப் பூட்டி வச்ச சீட்டு) வந்துச்சு, அதையே ரெண்டாவது தடவை போட்டா தூக்கி எறிஞ்சிடும்.

பழையசர்வர்:
தம்பி, அது ஒரே பிளாக்குல நூறு மெயிலைக் கொட்டி எங்க வெள்ளம் வருதுன்னு பாக்குறவனைத்தான் தடுக்கும். வாரத்துக்கு மூணுன்னு பொறுமையா போடுறவனை என்ன பண்ணும்? நாங்கல்லாம் ரிப்ளை பிளாக்கை நம்பாம யூஸ்நெட்ங்கற பழைய பொது மெசேஜ் பலகையில ஆல்ட்.அனானிமஸ்.மெசேஜஸ் குரூப்புலயே மெயிலைப் போடச் சொல்லிடுவோம். எல்லாரும் எல்லாத்தையும் இறக்குவோம், எது யாருக்குன்னு எவனுக்கும் தெரியாது.

கட்டெறும்பு:
அண்ணே, 2013ல டாம் ரிட்டர்ங்கற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அந்தக் குவியலை அலசினப்போ, தன் மெயில் எதுன்னு தனக்கு மட்டும் தெரியுறதுக்காக சப்ஜெக்டை மறைக்க வச்ச பாஸ்வேர்டை யூகிச்சே ஒரே ஆளுக்குப் போன மெசேஜையெல்லாம் ஒண்ணா சேத்துட்டாரே.

பழையசர்வர்:
அது பாஸ்வேர்டு வச்சவன் சோம்பேறித்தனம், முறையோட தப்பு இல்ல.

மழைக்குருவி:
அதை விடுங்க, ஆளு கூடக்கூட எல்லார் மெயிலையும் நான் இறக்கணுமா? நடக்குற காரியமா இது.

கட்டெறும்பு:
வேணாம், உங்களோடதை மட்டும் எடுக்கலாம், எதை எடுத்தீங்கன்னு சர்வருக்கே தெரியாது, 2005லயே பிஞ்சன் கேட்னு அப்படி ஒரு முறையை எழுதினாங்க. சின்னதா சொல்றேன், ஒவ்வொரு சர்வர்லயும் அதே 8 மெயில் பெட்டி இருக்கு, உங்களோடது 5. ஒரு சர்வர்கிட்ட 1, 4, 7 பெட்டிகளை எக்ஸார் (ஒண்ணையே ரெண்டு தடவை சேத்தா அடிபட்டுப் போற பிட் கணக்கு) பண்ணிக் குடுன்னு கேளுங்க, இன்னொண்ணுகிட்ட 1, 4, 5, 7. வந்த ரெண்டையும் எக்ஸார் பண்ணா 1, 4, 7 அடிபட்டுப் போயி 5 மட்டும் கையில நிக்கும். முதல் லிஸ்ட் ஒவ்வொரு தடவையும் குருட்டாம்போக்குல எடுத்ததுங்கறதால தனித்தனியா பாத்தா எந்த சர்வருக்கும் ஒண்ணும் புரியாது.

மழைக்குருவி:
ரெண்டும் ஒரே ஆள் கையில இருந்தா?

கட்டெறும்பு:
போச்சு. அதான் வேற வேற ஆளுங்க நடத்துற நாலஞ்சு சர்வர் வேணும், ஒருத்தன் யோக்கியனா இருந்தாலும் தப்பிச்சோம். இன்னொண்ணு, மெயில் வந்தாலும் வராட்டியும் தினமும் அதே நேரம் அதே அளவு இறக்கணும். மெயில் வந்த அன்னைக்கு மட்டும் ஓடிப்போயி எடுத்தா திங்கள் புதன் வெள்ளி கதைதான் திரும்ப.

மழைக்குருவி:
அப்போ மெயில் ஒரு நாள் லேட்டா வருமா? ஓடிபி செத்தே போயிருக்கும்.

பழையசர்வர்:
ஓடிபி வாங்க புனைபெயர் எதுக்குய்யா 😄

மழைக்குருவி:
சரிண்ணே, ரிப்ளை பிளாக் விஷயத்துல நான் சொன்னது தப்புதான். ஆனா இவ்ளோ வேலை பண்ணி சேரப்போறது 10 பேருன்னா, வாங்குனவன் அந்த 10ல ஒருத்தன்னு லிஸ்ட் எடுத்து ஒவ்வொருத்தன் வீட்டுக் கதவையும் தட்டிடுவானே, அதுக்கு எந்த எக்ஸார் வச்சிருக்கீங்க?

கட்டெறும்பு:
அதுக்கு இல்ல. ஆள் சேக்கணும்.