இத்தாலி கிராமங்களில் உணவும் ஒயினும்: எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும்

பயணத் திட்டம் கைக்கு வந்ததும் ஊர்ப்பெயர்களை விட்டுவிட்டு நேரங்களைப் பாருங்கள். வட இத்தாலியின் பார்மா, மொடேனா பக்கம் சீஸ் செய்யும் கூடத்துக்குக் காலை 8 மணிக்குள் போவதாக இருந்தால் அந்தத் திட்டத்தைப் போட்டவருக்கு விஷயம் தெரியும். 11 மணி என்று போட்டிருந்தால் கழுவிவிட்ட தரையையும் காலியான கொப்பரைகளையும் பார்த்துவிட்டு, கடையில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஆறு நாள் பயணம் என்றால் இரண்டே இடங்களில் தங்குவது நல்லது. மொடேனாவிலோ பார்மாவிலோ மூன்று இரவு, வடமேற்கே பியெட்மாண்ட் மாநிலத்தில் ஆல்பா அருகே மூன்று இரவு. பார்மாவிலிருந்து ஆல்பாவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், மொடேனாவிலிருந்து ஏறக்குறைய 260. இதற்குள் டஸ்கனியையும் நுழைத்தால் பாதி நாள் பேருந்திலேயே போய்விடும். ஒரு நாளைக்கு ஒயின் சுவைப்பு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இடத்தில் நாக்கு துவர்ப்பை மட்டும்தான் சொல்லும், மற்ற எதுவும் பிடிபடாது.

மாதம் பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 15 விடுமுறை, அதை ஒட்டிய நாட்களில் பல இடங்கள் பூட்டியிருக்கும். செப்டம்பரில் அறுவடை கண்ணுக்கு விருந்து, ஆனால் ஒயின் செய்பவருக்கு நம்மோடு நின்று பேச நேரம் இருக்காது. அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் பாதியும் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஏற்ற காலம்.

* * *

சீஸ் கூடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் சீஸ் செய்யும் உரிமை பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொடேனா மாவட்டங்களுக்கும், பொலோஞ்ஞா, மாந்துவா மாவட்டங்களின் ஒரு பகுதிக்கும் மட்டும்தான்.

முந்தின நாள் மாலைப் பாலை அகலமான, ஆழமில்லாத தொட்டிகளில் இரவு முழுக்க ஆடாமல் வைப்பார்கள். காலையில் மேலே திரண்ட ஆடையை எடுத்துவிட்டு, அன்று காலை கறந்த முழுப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் விடுவார்கள். கவிழ்த்து வைத்த மணி போன்ற கொப்பரை அது. ஒன்றில் ஏறக்குறைய 1,100 லிட்டர் பிடிக்கும், அதிலிருந்து கிடைப்பது இரண்டே சக்கரம். முதிர்ந்த சக்கரம் ஒன்று சராசரி 40 கிலோ இருக்கும்.

அடுத்து உறை. நேற்றைய சீஸிலிருந்து வடிந்த தெளிநீரைப் புளிக்க வைத்து இன்றைய பாலில் ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் நேற்றைய மோரை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கணக்கு. அதன்பின் பாலை இறுக வைக்கும் ரென்னெட் சேரும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது அது. சுமார் பத்து நிமிடத்தில் பால் இறுகிவிடும். அதைக் கம்பிக்கூண்டு போன்ற பெரிய கருவியால் உடைப்பார்கள். சீஸ் செய்பவர் அடிக்கடி கையை உள்ளே விட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி அழுத்திப் பார்ப்பார். அரிசிமணி அளவுக்கு வந்ததும் சூட்டை ஏற்றுவார், 55 டிகிரி வரை. மணி பெரிதாக நின்றுவிட்டால் உள்ளே ஈரம் தங்கி, மாதக்கணக்கில் வைக்கும்போது கெடும். அந்தக் கை நேரம் பார்ப்பதற்காக உள்ளே போவதில்லை, மணியின் அளவைத்தான் பார்க்கிறது.

சூட்டை நிறுத்தியதும் மணிகள் அடியில் படிந்து ஒரே கட்டியாகும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, பயணத்திலேயே தவறவிடக் கூடாத சில நிமிடங்கள் வரும். ஒருவர் நீண்ட மரத் துடுப்பை அடிவரை விட்டுக் கட்டியைக் கிளப்புவார். எதிரே நிற்பவர் லினன் துணியைக் கீழே செலுத்துவார். துணியின் இரு முனைகளையும் குறுக்குக் கம்பியில் கட்டித் தூக்கியதும், வெள்ளையாக, நீர் சொட்டச் சொட்ட, ஒரு பெரிய மூட்டை மேலே வரும். கத்தியால் அதை நடுவில் வெட்டி இரண்டு துணியில் பிரித்துத் தொங்கவிடுவார்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றே அவற்றைச் சொல்கிறார்கள். வெட்டும் இடம் பிசகினால் ஒன்று கனமாகவும் ஒன்று குறைவாகவும் போய்விடும், பின்னால் சரிசெய்ய வழியில்லை.

அச்சில் வைத்து, புள்ளி புள்ளியாகப் பெயர் பதியும் பட்டை சுற்றி, சில நாளில் உப்புத் தண்ணீரில் இறக்குவார்கள். அங்கே ஏறக்குறைய மூன்று வாரம். பிறகு மரப் பலகை அடுக்குகள். குறைந்தது 12 மாதம்.

* * *

மேலே உள்ளதோடு இரண்டு சேர்க்கிறேன்.

ஒன்று, தீவனம். இந்த சீஸுக்குப் பால் தரும் மாடுகளுக்குப் புளிக்க வைத்த தீவனமான சைலேஜ் போடக் கூடாது. அதில் வரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் பாலில் இறங்கி, பல மாதம் கழித்து சீஸுக்குள் வாயுவைக் கிளப்பும். சக்கரம் உப்பி வெடிக்கும், உள்ளே பொந்து விழும். பச்சைப் புல்லும் உலர்த்திய புல்லும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். சீஸ் கூடத்தோடு ஒரு மாட்டுப் பண்ணையும் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தொழுவத்தைப் பார்க்காமல் சீஸைப் படித்தால் பாதிப் பாடம்தான்.

இரண்டாவது, சுத்தியல் சோதனை. 12 மாதம் ஆனதும் இந்த சீஸ் செய்பவர்களின் கூட்டமைப்பிலிருந்து வரும் ஆய்வாளர் ஒவ்வொரு சக்கரத்தையும் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரே சீராக இருந்தால் ஓசையும் ஒரே சீராக வரும். பொந்தோ விரிசலோ இருந்த இடத்தில் ஓசை மாறும். தேறியதற்குத்தான் நெருப்பு முத்திரை. தேறாததன் மேலிருக்கும் புள்ளிப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். கிடங்கில் அப்படிப் பெயர் இழந்த சக்கரம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். நல்லதைவிட அது அதிகம் கற்றுத் தரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது: கன்றின் ரென்னெட் இல்லாமல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கிடையாது. சைவ ரென்னெட் போட்டால் அந்தப் பெயரையே வைக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் பாஸ்தா மேல் துருவுவதும் இதையேதான், அதனால் வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

* * *

அடுத்து மொடேனாவின் பால்சமிக், திராட்சைச் சாற்றிலிருந்து செய்யும் வினிகர். அதை முதிர வைக்கும் பரண் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஒரே ஊரின் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள்.

பாட்டிலில் ‘ட்ரடிஸியோனாலே’ என்ற சொல்லும் டி.ஓ.பி. என்ற ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு முத்திரையும் இருந்தால் அது காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும், வேறு எதுவும் சேராது. குறைந்தது 12 ஆண்டு முதிர வேண்டும். ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ என்று போட்டிருந்தால் குறைந்தது 25 ஆண்டு, தங்க நிற மூடி. அதைவிட விதி தளர்ந்த ஐ.ஜி.பி. முத்திரை உள்ளது காய்ச்சிய சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, 60 நாளிலேயே விற்பனைக்கு வரலாம். இரண்டும் சட்டப்படி சரியான பொருள்கள். சாலட்டுக்கு ஐ.ஜி.பி. போதும். 25 ஆண்டுச் சரக்கைச் சாலட்டில் ஊற்றுவது வீண், சூடான வாணலியில் ஊற்றுவது அதைவிட வீண். சீஸ் துண்டின் மேலோ ஐஸ்கிரீம் மேலோ நாலு சொட்டு, அவ்வளவுதான்.

எதற்காகப் பரணில் வைக்கிறார்கள்? கோடையில் ஓட்டுக் கூரைக்கு அடியில் வெப்பம் ஏறி நீர் ஆவியாகும், சாறு கெட்டிப்படும். குளிர்காலத்தில் அடங்கிப் படியும். ஒயினைப் போல நிலவறையில் வைத்தால் இது நடக்காது. பெரியதிலிருந்து சின்னது வரை ஐந்தாறு பீப்பாய் வரிசையாக நிற்கும். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிப்பர் என்று மரம் மாறும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிரில், கடைசிச் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அந்தக் குறையை அதற்கு முந்தையதிலிருந்து நிரப்பி, அதன் குறையை அதற்கு முந்தையதிலிருந்து நிரப்பி, கடைசியில் பெரிய பீப்பாய்க்கு அந்த ஆண்டுப் புதுச் சாறு போகும். எந்தப் பீப்பாயையும் வாய்வரை நிரப்புவதில்லை. மேலே உள்ள திறப்பைத் துணி போட்டு மூடியிருப்பார்கள், காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக.

சுவைக்கும்போது பீங்கான் கரண்டி கொடுப்பார்கள். உலோகக் கரண்டியில் அதன் வாடையும் சேர்ந்து வரும். முதலில் 12, பிறகு 25. வரிசை மாறினால் இளையது வெறும் புளிப்பாகத் தெரியும்.

* * *

பாஸ்தா வகுப்புக்கு அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்மா, மொடேனா அடங்கிய எமிலியா பகுதியின் முறையில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பத்து நிமிடமாவது பிசைந்து, மூடி, அரை மணி நேரம் விட வேண்டும். விடாமல் தேய்த்தால் மாவு ரப்பர் மாதிரி பின்னுக்கு இழுக்கும். மின்விசிறிக்குக் கீழே தேய்த்தால் ஓரம் காய்ந்து, சுருட்டி வெட்டும்போது பிளக்கும். நாடா போன்ற தாலியத்தெல்லே பாஸ்தா வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் பொலோஞ்ஞா வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். பியெட்மாண்ட்டின் தஜரின் பாஸ்தா வேறு மாதிரி. முட்டையின் மஞ்சள் கரு மட்டும், ஒரு கிலோ மாவுக்கு 30-க்கும் மேலே போடும் வீடுகள் உண்டு. நூல்போல மெல்லியது என்பதால் கொதிநீரில் ஓரிரு நிமிடம்தான்.

* * *

ஆல்பாவைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளுக்கு வருவோம். இங்கே செய்யும் பரோலோ என்ற சிவப்பு ஒயின் முழுக்க முழுக்க நெப்யோலோ திராட்சை. 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். பக்கத்து பார்பரெஸ்கோவும் அதே திராட்சைதான், 26 மாதம், மரத்தில் 9.

கண்ணாடிக் குவளையில் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளிறின சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம், தண்ணீர் கலந்தது போலிருக்கும். வாயில் வைத்ததும் ஈறு இழுத்துப் பிடிக்கும், பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி. வெறும் வயிற்றில் இதைச் சுவைத்தால் கசப்பும் துவர்ப்பும் தவிர ஒன்றும் எஞ்சாது. மேசையில் வைத்திருக்கும் க்ரிஸ்ஸினி குச்சி ரொட்டியும் சீஸும் அதற்காகத்தான். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும்.

நல்ல வழிகாட்டி ஒரே ஆண்டின் பரோலோவை இரண்டு ஊர்களிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். லா மோர்ரா பக்கத்து ஒயின் பொதுவாக முன்னதாகவே மென்மையாகி மணம் விடும். செர்ராலுங்கா பக்கத்தது முரட்டுத் துவர்ப்போடு நீண்ட காலம் தாங்கும். குன்றுகளின் மண்ணும் சரிவும் மாறுவது இதற்கு ஒரு பெரிய காரணம். திட்டத்தில் ‘ஐந்து ஒயின் சுவைப்பு’ என்று மட்டும் இருந்தால், எந்த ஐந்து, ஏன் அந்த வரிசை என்று கேளுங்கள். தோல்செத்தோ, பார்பெரா என்ற மற்ற சிவப்புத் திராட்சை ஒயின்கள், பிறகு நெப்யோலோ வகைகள் என்பதுதான் இங்கே சரியான ஏறுவரிசை.

துப்பத் தயங்க வேண்டாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு குவளைக்கு 50 மில்லி என்றாலும் ஐந்து சேர்ந்தால் கால் லிட்டர். இத்தாலியில் வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்ஜியம். லாங்கே சாலைகள் வளைந்து வளைந்து போவதால் பின்னிருக்கையில் வாந்தி வருகிறவர்கள் முன்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அன்று சென்ட் பூச வேண்டாம், பக்கத்தில் நிற்பவரின் மூக்கும் அதில் கெடும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் பழுது. குவளையைச் சுழற்றினாலும் போகாது. ஊற்றியவரிடம் அமைதியாகச் சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

* * *

மர வேரை ஒட்டி மண்ணுக்கடியில் விளையும் மணமான பூஞ்சைதான் ட்ரஃபிள். அதைத் தேடப் போவதில்தான் பயணிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பருவம். மே மாதத்தில் நாயை விட்டு வெள்ளை ட்ரஃபிளைத் தோண்டிக் காட்டினால் அது முன்பே புதைத்து வைத்தது. கோடையில் கறுப்பு வகை உண்மையாகவே கிடைக்கும், அதன் மணம் மிகவும் குறைவு.

பன்றியை வைத்துத் தேடுவதை இத்தாலி 1985-லேயே தடை செய்துவிட்டது. பன்றி வேர்ப்படுகையைக் கிளறி அழித்துவிடும், கிடைத்ததையும் தின்றுவிடும். நாய் நின்று முன்னங்காலால் பறிக்க ஆரம்பித்ததும் அதை விலக்கி ஒரு தின்பண்டம் கொடுப்பார்கள். பிறகு சின்னக் கொத்தால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்ப்பார்கள். மணம் ஏறினால் அந்தப் பக்கம், குறைந்தால் மறுபக்கம். எடுத்தபின் குழியை மூடியே ஆக வேண்டும். மூடாவிட்டால் வேரை ஒட்டிய பூஞ்சை இழைகள் காய்ந்து, அடுத்த ஆண்டு அந்த இடத்தில் ஒன்றும் வராது. உங்களை அழைத்துப் போனவர் குழியை மூடுகிறாரா என்று பாருங்கள்.

உணவகத்தில் சீவுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுவார்கள், வித்தியாசத்துக்குத்தான் காசு. ஒரு தட்டுக்கு 8 கிராம் போதும். சூடான தஜரினிலோ முட்டைப் பொரியலிலோ பச்சையாகச் சீவ வேண்டும், வேகவைத்தால் மணம் போய்விடும். கடைகளில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்த மணப்பொருள்தான். லேபிளில் ‘அரோமா’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

* * *

ஊருக்கு எடுத்துவருவது பற்றிக் கேட்பவர்களுக்கு. பாரம்பரிய பால்சமிக் வழக்கமாக 100 மில்லி பாட்டிலில் வரும், பல விமான நிலையங்களில் கைப்பைக்கான எல்லையும் அதே 100 மில்லிதான். ஆனாலும் துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் போடுவது நிம்மதி. ஒயின் இந்தியாவுக்கு ஒருவருக்கு 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. சீஸைக் கூடத்திலேயே வெற்றிட உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். உறையைப் பிரித்தபின் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மெழுகுத் தாளில் சுற்றி, மூடிய டப்பாவில், குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடிப்பொடியாக நறநறப்பது பூசணமில்லை. சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து உண்டாகும் படிகம் அது, வயது கூடக் கூட அதிகமாகும். தோலையும் எறிய வேண்டாம். கத்தியால் மேலே சுரண்டிவிட்டுப் பருப்பு சூப்பில் போட்டுக் கொதிக்க விடலாம்.