புதுப்பிப்பு: ஓவர்ஹெட் பிரஸ்ஸும் என் வலது தோளும்

மூணு வாரம் முன்னால, ஓவர்ஹெட் பிரஸ் பண்ணும்போது, அதாவது வெயிட் மாட்டுற இரும்புக் கம்பியை (பார்) நின்னுக்கிட்டே தலைக்கு மேல தூக்கும்போது, பார் நெத்தியைத் தாண்டுற இடத்துல வலது தோள்ல சுருக்குனு குத்துதுன்னு எழுதியிருந்தேன். வெயிட்டைக் குறைன்னு பாதிப்பேர் சொன்னீங்க. குறைச்சேன். வெறும் 20 கிலோ பார்லயும் குத்திச்சு.

போன வாரம் மார்த்தாண்டத்துல ஜிம் ஆசான் பின்னால நின்னு பாத்தாரு. "மக்கா, தோள்பட்டையை எதுக்குக் கீழ அமுக்கிப் பிடிச்சிருக்க? அதும் கையோட சுத்தணும்லா?"

விஷயம் அதுதான். கை 180 டிகிரி மேல போறதுல தோள் மூட்டு தர்றது ஏறக்குறைய 120தான். மிச்சம் 60, தோள்பட்டை எலும்பு விலா மேல சுழன்று தரணும். நான் ஏதோ வீடியோவை நம்பி அதைப் பூட்டி வச்சிருந்தேன்.

இப்ப முழங்கையைப் பக்கவாட்டுல விரிக்காம கொஞ்சம் முன்னால வைக்கேன், உச்சியில தோளைக் காதுப் பக்கம் ஏத்தி விடுதேன். பார் முகத்தைத் தாண்டினதும் தலை முன்னால வந்துரும். பார் பாதத்து நடுவுக்கு நேர் மேல நிக்குது. நேத்து 35 கிலோ, 5 தடவை. குத்தல் இல்ல.

இடுப்பு பின்னால வளையிறது மட்டும் இன்னும் போகல. ரப்பர் ஷீட் கடையில நாள் பூரா தராசுக்குக் குனியிற முதுகு, மேல்பாகம் நிமிரவே மாட்டேங்குது. அதுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க.