மடலா, பதிவா, தளமா: வாரத்தில் ஐந்து மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

நூலிழை:
அனைவருக்கும் வணக்கம். ஆடை தைப்பதற்கான பேட்டர்ன்களைக் கோப்புகளாக இணையத்தில் விற்கிறேன். வாங்குகிறவர் கோப்பை இறக்கி, அச்சிட்டு, தாள்களை ஒட்டி, துணியின் மேல் விரித்து வெட்டிக்கொள்ள வேண்டும். வரைவது, அளவு சரிபார்ப்பது, வாங்கியவர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்வதால், வணிகத்தை வளர்ப்பதற்கான எழுத்து வேலைக்கு வாரத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலவில்லை. செய்திமடல் தொடங்கச் சொல்கிறார் ஒருவர். வலைப்பதிவு எழுதச் சொல்கிறார் மற்றொருவர். தளத்தில் ஏற்கெனவே உள்ள பக்கங்களைச் சீர்செய்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றையும் அரைகுறையாகச் செய்து கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள், ஏன்?

அஞ்சற்பெட்டி:
செய்திமடல்தான், சகோதரி. உங்களிடம் ஒரு முறை வாங்கியவர் அடுத்த பேட்டர்ன் வெளிவரும் நாளில் தாமாகவே உங்களை நினைத்துக்கொள்வார் என்று நம்ப இடமில்லை. அவருடைய முகவரி கையில் இருந்தால் நினைவூட்டலாம். இல்லையென்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது வலைப்பதிவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். அந்தத் திரட்டி வழியாக நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்பது பதிவருக்கே தெரியாது. வழி அடைபட்டதும் அவர்களைத் தேடிப் போய் அழைக்க ஒரு முகவரியும் இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் மற்றும் குடும்பத்தினரின் இடுகைகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தபோது, வணிகப் பக்கங்களை மட்டும் நம்பியிருந்தவர்களும் அதே நிலைக்கு வந்தார்கள். முகவரிப் பட்டியல் அப்படியல்ல. அனுப்பும் சேவை பிடிக்கவில்லை என்றால் பட்டியலை இறக்கிக்கொண்டு வேறொரு சேவைக்குப் போய்விடலாம்.

தேடற்கிணறு:
அஞ்சற்பெட்டி ஐயா ஒரு படியைத் தாண்டிவிட்டார். அந்த முகவரிகள் முதலில் எங்கிருந்து வரும்? மடல் என்பது ஏற்கெனவே அறிமுகமானவரோடு பேசும் வழி. அறிமுகமே இல்லாதவரை அது அழைத்து வராது, ஏனென்றால் தேடுபொறி எவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை.

நூலிழை, உங்கள் வாடிக்கையாளராகப் போகிறவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பாதி தைத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இழுபடும் துணியில் கழுத்துப் பட்டை அலையலையாக நெளிவது ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் படங்களோடு தெளிவாகப் பதில் சொல்லும் ஒரு பதிவு இருந்தால், உங்கள் பெயரையே கேள்விப்படாத அவர் உங்கள் தளத்துக்கு வருகிறார். பதில் சரியாக இருந்தால் உங்கள் பேட்டர்னும் சரியாக இருக்கும் என்று நம்புகிறார். மடலின் ஆயுள் பெரும்பாலும் அனுப்பிய ஓரிரு நாள்தான். நல்ல பதிவோ ஆண்டுக்கணக்கில் ஆள் கொண்டுவரும்.

அஞ்சற்பெட்டி:
ஆண்டுக்கணக்கில் கொண்டுவரும் என்பது கூகுள் அனுமதிக்கும் வரைதான். 2011 பிப்ரவரியில், தேடல் முடிவுகளைக் கூகுள் வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றம் வந்தது. சரக்கில்லாத பக்கங்களைக் குவித்த தளங்கள் சரிந்தன, அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட்டில் ‘பயனுள்ள உள்ளடக்கம்’ என்ற பெயரில் இன்னொன்று வந்தது. 2023 செப்டம்பரில் அதன் அடுத்த சுற்று வந்தபோது, தாமே செய்து பார்த்து உழைத்து எழுதிய சிறு தளக்காரர்கள் பலரும் வருகையாளர்களைப் பெருமளவில் இழந்ததாகப் புலம்பினார்கள். 2024 மார்ச்சில் அந்த ஏற்பாட்டையே மைய அல்காரிதத்தோடு கூகுள் கலந்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் முதல், செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடையைத் தேடல் முடிவுகளுக்கு மேலேயே காட்டத் தொடங்கினார்கள். கழுத்துப் பட்டை ஏன் நெளிகிறது என்பதற்கு அங்கேயே நான்கு வரியில் விடை கிடைத்துவிட்டால், தேடியவர் உங்கள் பதிவுக்கு வந்து சேர வேண்டிய தேவை என்ன?

தேடற்கிணறு:
நான்கு வரியில் தீரும் கேள்விக்குப் பதிவு எழுதுவது வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது அன்றும் வீண்தான். தையல் ஓடும்போது பட்டையை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதைப் படம் படமாகக் காட்ட வேண்டிய இடத்தில் சுருக்கம் உதவாது.

ஆனால் மடல் மட்டும் சொந்த நிலத்தில் நிற்கிறது என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முகவரிப் பட்டியல் உங்களுடையது. அஞ்சல் பெட்டி உங்களுடையதன்று. 2013இல் ஜிமெயில், மடல்களை வகை பிரித்துக் காட்டும் தாவல்களைக் கொண்டுவந்தபோது வணிக மடல்களில் பெரும்பகுதி விளம்பரத் தாவலுக்குள் போய் ஒதுங்கியது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர் மடல் உண்மையிலேயே தம்மிடமிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சான்றுகளையும் தம் டொமைனில், அதாவது சொந்த இணையப் பெயரில், அமைத்திருக்க வேண்டும். விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் சந்தாவை நீக்கும் வசதி இருக்க வேண்டும். ஸ்பேம் என்ற புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. சிறிய அளவில் அனுப்புகிறவருக்கும் முதல் இரண்டு சான்றுகளில் ஒன்றாவது கட்டாயம். புகார் வரம்பு அவருக்கும் உண்டு. 300 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள்.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கும் இனி நம்பத்தக்கதன்று. 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு, மடலில் உள்ள படங்களைப் பயனர் திறக்கும் முன்பே இறக்கி வைத்துவிடுகிறது. திறக்கப்படாத மடலும் திறந்ததாகவே கணக்கில் ஏறுகிறது.

அஞ்சற்பெட்டி:
300 பேர் என்ற அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும் சரி. அவ்வளவு சிறிய எண்ணிக்கைக்குக் அனுப்புநர்கள் தம் மடல்களின் நிலையைப் பார்க்கும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் புகார் விகிதமே பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ஒற்றைப் புகாரால் எவரும் குடி முழுகிப்போகவில்லை. திறப்பு விகிதம் பற்றி நீங்கள் சொன்னது சரி, நானும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இணைப்பைச் சொடுக்கியவர் எத்தனை பேர், மடலுக்குப் பதில் எழுதியவர் எத்தனை பேர் என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

ஒளித்துண்டு:
எழுத்தையெல்லாம் யார் படிக்கிறார்கள்? தையல் என்றால் காணொளிதான் போட வேண்டும்.

கல்லாப்பெட்டி:
ஒளித்துண்டு, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவரிடம் இருப்பது வாரத்தில் ஐந்து மணி நேரம், அதற்குள் ஒரு காணொளியின் வெளிச்சத்தைக்கூடச் சரிசெய்து முடிக்க முடியாது.

நூலிழை அவர்களே, மேலே இருவரும் கடைக்கு ஆள் வரும் வழியைப் பற்றியே பேசுகிறார்கள். வந்தவர் வாங்காமல் திரும்புவது ஏன் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் உங்களுக்கு எழுதுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஒரு முறை வாங்கியவர் எத்தனை காலம் கழித்துத் திரும்பி வருகிறார்?

நூலிழை:
கேள்விகள் பெரும்பாலும் நான்கைந்துதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. தையலுக்கு விட வேண்டிய ஓரம் பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா, ஏ4 தாளில் அச்சாகுமா, எவ்வளவு துணி வேண்டும், இழுபடாத துணியிலும் தைக்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கிய பிறகு வரும் புகார்களில் பாதி, அச்சிடும்போது அளவு சுருங்கிவிட்டது என்பதாக இருக்கும். கோப்பில் சோதனைச் சதுரம் ஒன்று உண்டு, அதை அளந்து பார்க்காமலே துணியை வெட்டிவிடுகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் புதிய பேட்டர்ன் வெளிவரும்போது வருகிறார்கள். ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் என்னால் வெளியிட முடிவதில்லை.

கல்லாப்பெட்டி:
உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஓரம் சேர்ந்திருக்கிறதா என்று ஒருவர் மின்னஞ்சல் எழுதிக் கேட்கிறார் என்றால், அதே ஐயத்தோடு வந்து, கேட்கச் சோம்பல்பட்டு, பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் அவரைவிடக் கூடுதலாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு மடலும் எட்டாது. அவர்களைப் பதிவு அழைத்து வந்தாலும் அதே பக்கத்தில்தான் வந்து தடுக்கி விழுவார்கள். ஆகவே முதல் சில வாரங்களுக்கு வேறெதையும் தொடாமல், ஒவ்வொரு பேட்டர்னின் விற்பனைப் பக்கத்தையும் திருத்தி எழுதுங்கள்.

எழுதும்போது ‘அழகிய, நவநாகரிக வடிவமைப்பு’ போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள்; அவற்றைப் பார்த்து எவரும் வாங்குவதில்லை. எந்தெந்த உடல் அளவுகள், தைத்து முடித்த ஆடையின் அளவு என்ன, துணி எவ்வளவு இழுபட வேண்டும், எத்தனை தாள்கள், ஓரம் உண்டா இல்லையா, ஏற்கெனவே எவ்வளவு தைக்கத் தெரிந்திருக்க வேண்டும் ஆகியவற்றை வாங்கும் பொத்தானுக்கு அருகிலேயே வையுங்கள். சோதனைச் சதுரத்தைப் பற்றிய எச்சரிக்கையைக் கோப்பின் முதல் பக்கத்தில் மட்டுமன்றி, பணம் செலுத்தியவுடன் தானாகப் போகும் உறுதி மடலிலும் சேர்த்துவிடுங்கள். வாங்கியவர் கோப்புக்காகக் காத்திருந்து திறக்கும் மடல் அது. அதைக் காட்டிலும் கவனமாகப் படிக்கப்படும் மடல் எதையும் அஞ்சற்பெட்டி ஐயாவாலும் எழுத முடியாது.

இதில் தேடலுக்கும் பயன் உண்டு. வாங்க நினைத்துத் தேடுகிறவர் ஆடையின் வகையையும் அளவையும் சொல்லித் தேடுகிறார். அந்தச் சொற்களே இல்லாத பக்கத்தைத் தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்?

தேடற்கிணறு:
விற்பனைப் பக்கம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை யார் மறுத்தார்கள்? ஆனால் அது முடிந்துபோகும் வேலை. பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திருத்திய பிறகு அந்த ஐந்து மணி நேரத்தை என்ன செய்வது என்பதே கேள்வி.

அஞ்சற்பெட்டி:
இதில் மட்டும் தேடற்கிணறோடு உடன்படுகிறேன். அந்த நேரத்தில் வாரந்தோறும் ஒரு மடல் எழுதலாம்.

கல்லாப்பெட்டி:
ஆண்டுக்கு மூன்று பேட்டர்ன் வெளியிடுகிறவர் வாரந்தோறும் எதைச் சொல்வார்? சொல்ல ஒன்றுமில்லாமல் வாராவாரம் வந்து கதவைத் தட்டினால் எவரும் ஒரு நாள் ஸ்பேம் பொத்தானைத் தேடத்தான் செய்வார்கள். புதிய வெளியீட்டுக்கு மட்டும் எழுதினால் போதும்.

தேடற்கிணறு:
அதிலும் சிக்கல் இருக்கிறது. நான்கு மாதம் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று மடல் அனுப்பினால், பெறுகிறவருக்கு நீங்கள் யாரென்றே நினைவிருக்காது. நான் ஒரு முறை இப்படிச் செய்து, ‘என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது’ என்ற கோபமான பதில்களை வாங்கிக்கொண்டேன். அவர்கள் எல்லோரும் தாங்களே முகவரி கொடுத்தவர்கள்.

அஞ்சற்பெட்டி:
அதற்கு மருந்து உண்டு. முகவரி வாங்கும் இடத்திலேயே, எதற்காக எழுதுவீர்கள், ஆண்டுக்கு எத்தனை முறை எழுதுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முகவரி கொடுத்தவருக்கு உறுதிப்படுத்தும் இணைப்பு ஒன்றை அனுப்பி, அதைச் சொடுக்கியவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஒவ்வொரு மடலின் முதல் வரியிலும் நீங்கள் யார் என்பதைச் சொல்லுங்கள். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகக் காட்டி வேறொரு சேவை வழியாக அனுப்பாதீர்கள். அது போலி மடல் என்று தள்ளப்படும், உங்கள் டொமைனிலேயே ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டப்படி, வணிக மடலில் அனுப்புநரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர் வீட்டு முகவரியை எல்லோருக்கும் அனுப்ப விரும்பமாட்டார் என்பதால், அஞ்சலகப் பெட்டி எண்ணுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

நூலிழை:
மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் விற்பனைப் பக்கங்களைத் திருத்தினேன். ஏ4 தாள், ஓரம் ஆகியவை பற்றிய கேள்விகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. துணி இழுபடுவது பற்றிய கேள்வி மட்டும் நிற்கவில்லை. எவ்வளவு இழுபடும் என்பதை எப்படி அளப்பது என்பதே பலருக்குத் தெரியவில்லை என்று இப்போதுதான் புரிந்தது. அதை விளக்க ஆறு படங்கள் தேவைப்பட்டன, விற்பனைப் பக்கத்தில் இடம் போதவில்லை. தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இதைப் பதிவு என்பதா, பக்கம் என்பதா?

தேடற்கிணறு:
பதிவுதான், நான் முதல் நாளில் சொன்னதும் இதைத்தான். தேதியோடு வெளியிடுங்கள், இது போன்ற கேள்வி ஒன்று வரும்போதெல்லாம் ஒன்று எழுதுங்கள்.

கல்லாப்பெட்டி:
தேதி வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்து வருகிறவர், பழைய தேதியைப் பார்த்ததும் இது செல்லாது என்று நினைத்துவிடுவார். நிலையான பக்கமாக வைத்து, இழுபடும் துணிக்கான ஒவ்வொரு பேட்டர்னிலிருந்தும் அதற்கு இணைப்புக் கொடுங்கள். அதிலிருந்து அந்தப் பேட்டர்ன்களுக்கும் இணைப்பு இருக்கட்டும். எழுதி முடித்தோம் என்று விட்டுவிடாமல், புதிய கேள்வி வந்தால் அதே பக்கத்தைத் திருத்துங்கள்.

தேடற்கிணறு:
எந்தப் பெயரில் அழைத்தாலும் எனக்குச் சம்மதம், உங்கள் டொமைனுக்குள் இருந்தால் சரி. இலவசப் பதிவுத் தளம் எதிலும் வைத்துவிடாதீர்கள்.

அஞ்சற்பெட்டி:
அந்தப் பக்கத்தின் அடியில் முகவரி வாங்கும் பெட்டி வைத்தீர்களா?

நூலிழை:
வைத்திருக்கிறேன், ஐயா. ‘புதிய பேட்டர்ன் வரும்போது மட்டும், ஆண்டுக்கு மூன்று முறை எழுதுவேன்’ என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறேன். உறுதிப்படுத்தும் மடலைத்தான் மறந்துவிட்டேன். இப்போது அது சேவைக்காரர் கொடுத்த ஆங்கில வாசகத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்குள் மாற்றி எழுதிவிடுகிறேன்.