கடலில் நீந்திப் பழகியவள் தனியாகக் கித்துல்கல ஆற்றில் இறங்கலாமா?

கேள்வி: உப்புவெளிப் பெண்

வணக்கம். திருகோணமலை நகரில் அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். வயது முப்பத்து நான்கு. சிறு வயதிலிருந்தே உப்புவெளிக் கடலில் நீந்துகிறேன். கச்சான் காற்று வீசி, கடல் குளம்போலக் கிடக்கும் மாதங்களில் வாரத்தில் மூன்று நாளாவது காலையில் கடலில் இறங்காமல் வேலைக்குப் போவதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் கிடைக்கும் மூன்று நாள் விடுமுறையில் கித்துல்கலவுக்குப் போய், களனி கங்கையில் ராஃப்டிங் (காற்றடைத்த படகில் ஆற்றின் பாய்ச்சல்களைக் கடப்பது) செய்ய வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். உடன் வருவதாகச் சொன்ன தோழிகள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக விலகிவிட்டார்கள். இனியும் அவர்களுக்காகக் காத்திருந்தால் நாற்பதைத் தாண்டிவிடுவேன் என்பதால் தனியாகவே போவதென்று தீர்மானித்திருக்கிறேன்.

தனியாக வரும் ஒருவரைப் படகில் ஏற்றுவார்களா, அல்லது முழுப் படகுக்கும் நானே பணம் கட்ட நேருமா என்பது முதல் சந்தேகம். கடலில் நன்றாக நீந்துபவருக்கு ஆறு எந்த அளவுக்குப் புதியது என்பது இரண்டாவது. அத்துடன், அவ்வளவு தூரம் போகாமல், காற்றடைத்த சிறு படகொன்றை வாங்கி, மன்னம்பிட்டியில் இறங்கி, நம்முடைய மகாவலியிலேயே மூதூர் வரை மிதந்து வரலாமே என்று என் தம்பி சொல்கிறான். அவன் எதைச் சொன்னாலும் பாதிதான் விளையாட்டு என்பதால் இதையும் இங்கே கேட்டுவிடுகிறேன். போக்குவரத்து, உடை பற்றி அனுபவமுள்ளவர்கள் எழுதினாலும் உதவியாக இருக்கும்.

பதில்: மூதூர் கங்கைக்கரை

சகோதரி, உங்கள் தம்பியின் யோசனைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆற்றின் ஓரத்தில்தான் எங்கள் வயல் இருக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கலப்பதற்கு முன்னுள்ள கடைசிப் பகுதி முழுவதும் சமவெளி. அங்கே பாறையுமில்லை, பாய்ச்சலுமில்லை. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் கழன்றுவிடும். இருப்பவை முதலைகளும் யானைகளுமே. மன்னம்பிட்டிக்குக் கீழே ஆறு வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா, சோமாவதி தேசியப் பூங்கா ஆகியவற்றை ஒட்டியும் ஊடறுத்தும் வருகிறது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அதற்குள் படகு விடுவது சட்டப்படி குற்றம். இரவு தங்குவதற்கு மணல்திட்டில் கூடாரம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால், மாலையில் யானைகள் தண்ணீருக்கு வரும் இடமும் அதுதான் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். ஆறு கிளை பிரிந்து ஒரு பகுதி வெருகல் ஆறாகப் போவதால், எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பதே வெளியாளுக்குப் பிடிபடாது. எங்கள் ஆட்கள் தோணியில் போகிறார்கள் என்றால், எந்த வளைவில் முதலை படுத்திருக்கும் என்று தெரிந்துதான் போகிறார்கள், அப்படியிருந்தும் தண்ணீருக்குள் கையை விடுவதில்லை. கித்துல்கலவுக்கே போங்கள்.

பதில்: தோணிக்காரன்

கித்துல்கலவுக்கு நான் நான்கு தடவை தனியாகப் போயிருக்கிறேன், ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

‘தனியாக’ என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ராஃப்டிங் படகு ஒருவர் செலுத்தும் படகன்று. இரு பக்கமும் ஆட்கள் அமர்ந்து துடுப்புப் போட, பின்னால் வழிகாட்டி இருந்து திருப்புவார். ஆகவே நீங்கள் பயணத்தில்தான் தனியாள், படகில் முன்பின் அறியாத ஐந்தாறு பேருடன் சேர்த்து அமர்த்தப்படுவீர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சனி, ஞாயிறு தினங்களில் கொழும்பிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள், உங்களைச் சேர்த்துக்கொள்ள ஏதாவது ஒரு படகு இருக்கும், ஆனால் ஆற்றில் சந்தை இரைச்சல். வார நாளில் ஆறு அமைதியாக இருக்கும், ஆனால் படகை நிரப்ப ஆளில்லாமல் மதியம் வரை காத்திருக்க நேரலாம். வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய்த் தங்கி, சனிக்கிழமை காலை முதல் படகில் ஏறுவதே தனியாளுக்கு வசதி என்பது என் அனுபவம். காற்றடைத்த சிறு படகில் உண்மையாகவே ஒற்றையாளாகப் பாறை ஆற்றில் இறங்கும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். தேர்ந்தவர்களே மூன்று படகுகளுக்குக் குறையாமல் இறங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள்: ஒருவர் கவிழ்ந்தால் ஒருவர் மீட்க, ஒருவர் உதவிக்குப் போக.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. கடலில் நீந்தத் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் கடல் கற்றுத்தந்த பழக்கங்களில் இரண்டு ஆற்றில் ஆளைக் கொல்லக்கூடியவை.

முதலாவது, கால் தரையில் பட்டவுடன் எழுந்து நிற்பது. உப்புவெளியில் கால் மணலில் பட்டால் பிழைத்தோம் என்று பொருள். பாறை ஆற்றில் அடியில் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எழுந்து நிற்கும்போது பாதம் இரண்டு கற்களுக்கிடையில் சிக்கினால், பின்னால் வரும் நீர் முதுகில் மோதி முகங்குப்புறத் தள்ளிவிடும். இடுப்பளவு நீரில்கூட மனிதர் மூழ்குவது இப்படித்தான். என் முதற் பயணத்தில் படகிலிருந்து விழுந்ததும் நான் செய்த காரியமும் இதுவே. வலது பாதம் சிக்கி, உடல் வில்லாக வளைந்து, மூக்குக்குள் நீர் ஏறிய அந்தச் சில நொடிகளில், பக்கத்துப் படகிலிருந்த வழிகாட்டி என் உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து எதிர்த்திசையில் இழுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பெருவிரல் நகம் போனது. செருப்பு இன்னும் அந்தக் கல்லுக்குள்தான் இருக்க வேண்டும். விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் பாதத்தால் உதைத்து விலகலாம். முழங்காலுக்கும் குறைவான ஆழம் வரும் வரை நிற்கவே கூடாது.

இரண்டாவது, கரையை நேராகக் குறிவைத்து முழுப் பலத்துடன் நீந்துவது. ஆறு உங்களைவிட வேகமானது. பெரிய பாறைகளுக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுற்றித் தணிந்து நிற்கும் இடங்கள் இருக்கும். தலையைத் தூக்கி அவற்றைத் தேடி, பாய்ச்சல் முடிந்ததும் குப்புறப் புரண்டு சாய்வாக நீந்தி உள்ளே நுழைய வேண்டும். மரக்கிளைகள் நீருக்குள் சாய்ந்து கிடக்கும் கரையை மட்டும் நெருங்கவே வேண்டாம், ஏனென்றால் நீர் கிளைகளுக்கூடாகப் போய்விடும், ஆள் போக முடியாது.

மிதப்பிலும் வித்தியாசம் தெரியும். ஒரு கனமீற்றர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோகிராம், ஆற்று நீருக்கோ அது 1,000 தான். அந்தச் சிறு வேறுபாடே உங்கள் வாயை அலைமட்டத்துக்குக் கொண்டுவரப் போதும். வெண்ணுரை பொங்கும் இடத்தில் பாதி காற்று என்பதால் இன்னும் தாழ்வீர்கள். ஆகவே உயிர்காப்பு அங்கியைக் கடலில் வேண்டாமென்று சொல்பவர்கள்கூட இங்கே இறுகக் கட்ட வேண்டும். கட்டிய பின் இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காது வரை எழும்பினால் அது உங்கள் அளவன்று, வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள். துடுப்பின் மேல்முனையில் உள்ள குறுக்குப் பிடியின்மேல் உள்ளங்கை எப்போதும் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பக்கத்திலிருப்பவரின் பல்லை அது பதம் பார்க்கும்.

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் கச்சான் வீசி நிலம் வெடிக்கும் காலம், அவர்களுக்குத் தென்மேல் பருவமழைக் காலம். நம் வானத்தைப் பார்த்து அந்த ஆற்றைக் கணிக்காதீர்கள். கனமழை பெய்தால் நீர் செங்கலங்கலாகிவிடும். அப்போது எவராவது இறங்கலாம் என்று சொன்னாலும் இறங்க வேண்டாம். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கையில் கித்துல்கலவுக்கென்றே ஒரு வரி உண்டு, புறப்படும் முன் பாருங்கள். மழையே இல்லாத நாளிலும் மட்டம் மாறும், ஏனென்றால் மேலே லக்ஷபான, பொல்பிட்டிய, புரோட்லண்ட்ஸ் என்று மின்நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை நீரைப் பிடிப்பதும் விடுவதுமே அன்றன்றைய ஆறு. கையில் ஒரு மேலதிக நாளில்லாமல் போகாதீர்கள்.

பதில்: கிண்ணியா ஆசிரியை

அக்கா, உடை பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். சென்ற வருடம் என் கணவருடனும் மைத்துனியுடனும் போனேன். துப்பட்டா, தொங்கும் சால்வை, ஜீன்ஸ் எதுவும் வேண்டாம். முழுக்கையுள்ள, விரைவில் காயும் சட்டையும் கால்வரை ஒட்டிய காற்சட்டையும் போதும். என்னைப் போல் தலையை மூடுபவர்கள் ஊசி குத்தாத, நீச்சலுக்கான தலையுறையை அணிந்து, அதன்மேல் தலைக்கவசத்தைக் கட்டலாம். எனக்கு எந்த இடைஞ்சலும் இருக்கவில்லை. பின்பக்கம் பட்டியுள்ள செருப்பு அவசியம்.

கால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடிவிடுங்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், எலிக்காய்ச்சலை அவர் நினைத்துப் பார்ப்பதற்கு அந்த ஒரு தகவல் தேவை. காட்டுப் பாதையில் அட்டைகளும் உண்டு. அவற்றால் ஆபத்தில்லை, அருவருப்புத்தான்.

பதில்: இரவு ரயில்

போக்குவரத்துக்கு இரண்டு வழிகள். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் அல்லது நுவரெலியா போகும் பஸ்ஸில் ஏறிக் கித்துல்கலவில் இறங்குவது ஒன்று. கண்டிக்குப் பஸ்ஸில் போய், நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மலையிலிருந்து இறங்குவது மற்றையது. வரைபடத்தில் இரண்டாவது குறுக்குவழி போலத் தெரிந்தாலும் மாறி மாறி ஏற வேண்டும், வளைவுகளில் வயிறு கலங்கும், மழைநாளில் மண்சரிவுப் பயமும் உண்டு. தனியாகப் போகும் பெண்ணுக்கு முதல் வழியையே சொல்வேன். 1990 இலவச அம்பியூலன்ஸ் இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள், படகில் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

மீண்டும்: உப்புவெளிப் பெண்

அனைவருக்கும் நன்றி. போய் வந்துவிட்டேன், ஆகவே நடந்ததை எழுதுவது முறை.

இரவு ரயிலில் போய், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்பே கித்துல்கலவில் இறங்கினேன். முந்திய இரவு முழுவதும் அங்கே மழை. ஆறு பால் கலந்த தேநீரின் நிறத்தில், நடுப் பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. அன்று படகில்லை என்றார்கள். தோணிக்காரன் அண்ணா சொன்ன மேலதிக நாள் இல்லாமல் வந்திருந்தால் நிச்சயமாகக் கெஞ்சியிருப்பேன். பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் குழு அப்படித்தான் கெஞ்சிக்கொண்டிருந்தது. நான் தங்குமிடத்துக்குப் போய் உறங்கினேன்.

சனிக்கிழமை மழை விட்டு, நீர் தெளிந்து, பாறைகளின் முதுகு தெரிந்தது. காலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துடன் சேர்த்து என்னை இடப்பக்கம் இரண்டாவதாக அமர்த்தினார்கள். கரையில் கட்டளைகளைப் பழக்கியபோது வழிகாட்டி சிங்களத்தில் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது, ஆகவே ‘முன்னே’, ‘பின்னே’, ‘குனி’, ‘பிடி’ என்ற நான்குக்கும் உரிய சொற்களை மறுபடி சொல்லவைத்து மனப்பாடம் செய்துகொண்டேன். இதைத் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும், பாய்ச்சலுக்குள் நுழைந்த பிறகு மொழிபெயர்க்க நேரமில்லை.

மூன்றாவது பாய்ச்சலில் விழுந்தேன். தெறித்து விழவில்லை, படகின் விளிம்பு மெத்தென்று சரிய, பின்பக்கமாக வழுக்கிப் போனேன். நீர் கடலைவிடக் குளிர், உப்பு இல்லாததால் வாய்க்குள் போனது நீர் என்றே முதலில் உறைக்கவில்லை. மேலே வந்ததும் வலது குதிகால் ஒரு கல்லில் தட்டியது. உடனே நிற்கத்தான் உடல் எழும்பியது. அண்ணாவின் பெருவிரல் நகம் நினைவுக்கு வந்து, முழங்காலை மடக்கி மல்லாந்தேன். இருபது முப்பது மீற்றர் அப்படியே போயிருப்பேன், செருப்பின் முனைகள் இரண்டும் எனக்கு முன்னால் நீருக்கு மேலே தெரிந்தன. பிறகு கயிற்றுப் பையை வீசினார்கள்; கயிற்றை மார்போடு பிடித்ததும் உடல் தானாகக் கரைப்பக்கம் திரும்பியது.

கடைசி அமைதியான பகுதியில் விருப்பமுள்ளவர்கள் இறங்கி மிதக்கலாம் என்றபோது அந்தக் குடும்பத்தின் மூத்த அம்மாவும் நானும்தான் இறங்கினோம்.

கிண்ணியாத் தங்கைக்கு: பெப்ரவரியில் மறுபடி போகலாம் என்று எண்ணியிருக்கிறேன், நீங்களும் மைத்துனியும் வந்தால் மூவராகிவிடுவோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்க வேண்டும். நான் போன இடத்தில் சிறிய அளவு அங்கிகள் இரண்டே இருந்தன, எனக்குக் கிடைத்ததோ காது வரை எழும்பியது. மாற்றிக் கேட்டதற்கு வழிகாட்டி சிரித்தார், ஆனால் மாற்றித் தந்தார்.