மயிலாப்பூர் பாலர் வகுப்பு டீச்சரிடம் படித்தவர்கள் இங்கே உண்டா?

கேள்வி:
எனக்கு அகரம் கற்பித்த டீச்சர், பணி ஓய்வுக்குப் பின் மெல்போர்னில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே வாழ்ந்து, தமது 93ஆம் வயதில் சென்ற வாரம் காலமானார் என்று அவருடைய பேத்தி தெரிவித்திருக்கிறார். அவரிடம் பயின்றவர்கள், குடும்பத்தாருக்கு அனுப்புவதற்காக, நினைவில் நிற்பதை எழுதுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1:
உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய ‘அ’வின் மேல் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அவர் மெல்ல நகர்த்தியதும், சுழியில் விரல் சொரசொரத்ததும் இன்றும் நினைவிருக்கின்றன. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் அல்லவா, அந்த வழியில் வந்த ஒருவரிடமே தாம் கற்றதாக டீச்சர் பெருமையுடன் சொல்வார். (நோட்டில் எழுதாமல் அட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறேன் என்று என் அம்மாவுக்குத்தான் குறை.)

பதில் 2:
விஜயதசமியன்று தாம்பாளத்துப் பச்சரிசியில் என்னை எழுத வைத்தவர் அவர். மெல்போர்னுக்குப் பணி நிமித்தம் சென்றபோது தேடிப்போய் நின்றேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்குமே, நீதானே?” என்றார். நானேதான்.

பதில் 3:
ஆழ்ந்த இரங்கல். ஊருக்குப் புறப்படுமுன் அவர் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன அந்த எழுத்து அட்டைகள் இன்னும் பரணில் இருக்கின்றன. பேத்திக்கு வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். ‘ழ’ மட்டும் தொலைந்துவிட்டது.