சோ கார் ஏரிப் பனிக்குருவி: அடையாளம் காண உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜூலையில் லடாக்கின் சோ கார் ஏரிப் பக்கம் எடுத்த ஒரு படம் குழப்புகிறது. சுமார் 4,500 மீட்டர் உயரம், குட்டைப் புல்வெளி, எங்கு பார்த்தாலும் பைக்கா (முயலுக்கு உறவான, எலி போன்ற சிறு விலங்கு) வளைகள். அதில் ஒரு வளையின் வாசலில் வெளிர்பழுப்புக் குருவி ஒன்று, இறகுகளை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதலில் கிரவுண்ட் டிட் (வளைந்த அலகுள்ள, தரையில் திரியும் சிறு பறவை) என்றுதான் நினைத்தேன், ஆனால் அலகு வளைந்தில்லை. குட்டையாக, கூம்பு வடிவில் இருக்கிறது. ஆக, பனிக்குருவிதான் (ஸ்னோஃபிஞ்ச்). அதில் பிளான்ஃபோர்டு வகையா, ரூஃபஸ் நெக்டு வகையா? பிளான்ஃபோர்டுக்கு இருக்கவேண்டிய கறுப்புத் தாடி இதில் இல்லை. இளம் பறவை என்றால் தாடி இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாதே! அலகடியில் லேசான மஞ்சள் தெரிவதால் இளசு என்றே படுகிறது.

இளம் பறவைகளில் இந்த இரண்டையும் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? இறக்கையிலுள்ள வெள்ளையா, வாலா? பறக்கும்போது எடுத்த மங்கலான படத்தையும் கமெண்டில் போடுகிறேன்.

கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகளை சோ காரில் குஞ்சுகளோடு பார்த்தது தனி சந்தோஷம். கருங்கழுத்துக் கொக்கு ஜோடியும் இருந்தது. கூடு எங்கே என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.